கடிதம் நம்முடையது, பெட்டி யாருடையது?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "காதல் கவிதை எழுதுடா, எல்லாரும் படிப்பாங்க" என்றான் ஒருவன். "அரியர் பத்தி எழுது, உனக்கு அனுபவம் இருக்கு" என்றான் இன்னொருவன். நான் "ஈமெயில் பத்தி எழுதப் போறேன்" என்றதும் சிரித்துவிட்டார்கள். "அதுல எழுத இன்னாடா இருக்கு? போனை எடுத்தா மெயில் இருக்கு!"

இருக்கிறதா? இருந்தால் எங்கே இருக்கிறது? நாளை நாம் இந்தக் கல்லூரி வாசலைத் தாண்டிப் போன பிறகும் இருக்குமா? சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி நமக்குக் கொடுக்கும் மெயில் கணக்கை, கம்ப்யூட்டரில் உள்ள ஒரு மெயில் மென்பொருளோடு இணைக்கவும், அதிலிருந்து நம் கடிதங்களின் பிரதியை நம் கைக்கு எடுத்துக்கொள்ளவும் ஒவ்வொரு டிப்ளமோ மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித் தருவதை நம் பேரவை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரக் காரியம். அந்த அரை மணி நேரம் இல்லாமல் போனதால் ஒரு அண்ணன் எதை இழந்தார் என்று கேளுங்கள்.

ஒரு அண்ணனின் கதை

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரும் பஸ்ஸில் இரண்டு வருடம் என்னோடு வந்தவர் அவர். வேறு ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தார். படிப்பில் கெட்டி. என் வீட்டைப் போலவே அவர் வீட்டிலும் அவருக்கு முன்னால் படித்தவர் யாரும் கிடையாது. கடைசி வருடம் பல இடங்களுக்கு அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டார். எல்லாவற்றிலும் கல்லூரி கொடுத்த மெயில் முகவரியைத்தான் எழுதினார். "காலேஜ் பேரு இருக்கிற மெயில்னா ஒரு மரியாதை தம்பி" என்பார்.

படிப்பு முடிந்தது. சில மாதங்களில், படித்து முடித்தவர்களின் கணக்குகளை மூடிவிட்டார்கள். மூடப் போகிறோம் என்ற அறிவிப்பும் அதே மெயிலுக்குத்தான் வந்திருக்கிறது! கல்லூரியை விட்டுப் போனவர் அதைத் தினமும் திறந்து பார்ப்பாரா? ஒரு நிறுவனம் நேர்முகத் தேர்வுக்கு அனுப்பிய அழைப்பு போய்ச் சேராமல் திரும்பிவிட்டது. கூட விண்ணப்பித்த நண்பன் வேலையில் சேர்ந்து இனிப்பு கொண்டுவந்து கொடுத்தபோதுதான் இவருக்கு விஷயமே தெரிந்தது.

இழப்பு அதோடு நிற்கவில்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட், இன்பிளாண்ட் டிரெய்னிங் சான்றிதழின் ஸ்கேன், கைடு எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதம் எல்லாமே அந்தக் கணக்குக்குள் இருந்தன. எல்லாம் போச்சு. இன்று மறைமலை நகர் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்டுக்குப் போய் வருகிறார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கேட்டேன். "யாரைக் குத்தம் சொல்றது தம்பி? வூடு அவங்களுது. காலி பண்ணச் சொன்னாங்க. நான்தான் சாமானை எடுக்கல" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. அன்றைக்குத்தான் என் மெயிலைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கினேன்.

கடல் கற்றுக் கொடுத்தது

என் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது நான் பிறக்கவில்லை. ஆனால் அந்த நாளின் கதையைக் கேட்காமல் எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. எங்கள் வீட்டில் தகர டிரங்குப் பெட்டி ஒன்று இருந்ததாம். ரேஷன் கார்டு, தாத்தாவின் சங்கப் பாஸ்புத்தகம், படகுக்கு வாங்கிய ரசீது, சித்தப்பா பம்பாயிலிருந்து போட்ட கடிதங்கள் எல்லாம் அதில்தான். அலை திரும்பிப் போகும்போது பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

தாத்தாவுக்குப் படகு இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? நல்லவேளையாக, கூட்டுறவுச் சங்கத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. அந்தப் பதிவேடு தண்ணீர் வராத இடத்தில் இருந்தது. அதை வைத்துத்தான் அவர் பெயர் நிவாரணப் பட்டியலில் ஏறியது.

எதிர்வீட்டுப் பெரியப்பா கதை நேர் எதிர். அவர் எப்போதும் முக்கியமான காகிதங்களை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு திரிவார். ஊரே கேலி செய்யுமாம். பிறகு ஒரு பட்டியலில் அவர் பெயர் விட்டுப் போனபோது, மடியில் இருந்த ரசீதுதான் அவரைக் காப்பாற்றியது.

ஆகவே தோழர்களே, வீட்டுப் பெட்டியை மட்டும் நம்பினால் ஒரு அலையில் போய்விடும். ஆபீஸ் பதிவேட்டை மட்டும் நம்பினால் ஒரு எழுத்தர் விட்டுவிட்டால் போய்விடும். இரண்டு இடத்திலும் பிரதி இருக்க வேண்டும். இதை முன்னோர் அறிந்துதான் கல்லில் வெட்டி வைத்தார்கள் போலும். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், அதே சுனாமி மணலை அரித்துக்கொண்டு போன இடத்தில் கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. 2005-ல் தொல்லியல் துறை அங்கே தோண்டி, புதைந்து கிடந்த ஒரு பழைய முருகன் கோவிலையே வெளியே கொண்டுவந்தது. எங்கள் டிரங்குப் பெட்டியை விழுங்கிய அலைதான், கல்லில் எழுதியதைக் காட்டிக் கொடுத்தது!

நம் மெயில் இன்று எங்கே இருக்கிறது? யாரோ ஒருவருடைய சர்வரில் மட்டும். போனில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அங்கே இருப்பதன் நிழல்தான்.

இதற்கான வழி மாணவர்களுக்காகவே பிறந்தது

மேசைக் கம்ப்யூட்டரில் மெயில் படிக்கும் மென்பொருள் என்பது பெரிய கம்பெனி முதலாளிகளுக்காக உண்டானது என்று நான் நினைத்திருந்தேன். விசாரித்துப் பார்த்தால், அவற்றில் பேர்போன பலவும் பல்கலைக்கழகங்களில் பிறந்தவை.

கம்ப்யூட்டர் வலையில் ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொரு இயந்திரத்துக்கு முதல் மெயிலை 1971-ல் அனுப்பியவர் ரே டாம்லின்சன். முகவரியின் நடுவில் நாம் போடும் அந்தச் சுழிக் குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மெயில் கணக்கு கொடுத்தார்கள். கடிதமெல்லாம் நடுவில் உள்ள பெரிய இயந்திரத்தில் கிடக்கும்; படிக்க வேண்டுமானால் அந்த இயந்திரத்துக்குள் நுழைய வேண்டும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஸ்டீவ் டார்னர் என்பவர், கடிதத்தை அங்கிருந்து நம் மேசைக் கம்ப்யூட்டருக்கே கொண்டுவந்து சேர்க்கும் ஒரு மென்பொருளை 1988-ல் எழுதத் தொடங்கினார். அதன் பெயர் யூடோரா. தபால் ஆபீசிலேயே குடியிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதிய யூடோரா வெல்டி என்ற எழுத்தாளரின் பெயர் அது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாரிஸ் என்பவர் 1990-ல் பெகாசஸ் மெயில் என்ற மென்பொருளை எழுதி இலவசமாகவே கொடுத்தார். பைன் என்ற இன்னொன்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது.

நம் நாட்டில்? 1986-ல் எர்நெட் என்ற கல்வி ஆராய்ச்சி வலை தொடங்கியது. அதில் ஆரம்பத்திலேயே சேர்ந்த எட்டு நிறுவனங்களில் நம் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் இருந்த தமிழர்கள் மெயிலை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சங்க இலக்கியம் முதல் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, எவரும் இலவசமாகப் படிக்கும்படி மின்னூலாக்கினார்கள். ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு, சம்பளம் இல்லாமல், மெயிலில் பேசிப் பேசியே செய்த வேலை அது. நாம் அதே மெயிலை ஓ.டி.பி. பார்க்க மட்டும் பயன்படுத்துகிறோம்!

தபால் ஆபீஸ் கவுண்டர்கள்

இனி விஷயத்துக்கு வருவோம். பயப்பட வேண்டாம். தபால் ஆபீஸ் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்.

சர்வர் என்பது தபால் ஆபீஸ். தபால் ஆபீசில் சேமிப்புக் கணக்குக்கு ஒரு கவுண்டர், ஸ்பீட் போஸ்டுக்கு ஒரு கவுண்டர் என்று இருக்கிறதல்லவா? அந்தக் கவுண்டர் நம்பருக்குத்தான் போர்ட் என்று பெயர். நாம் எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் எஸ்.எம்.டி.பி. 1982-ல் வகுத்த விதிமுறை அது. அவருடைய கவுண்டர் 465 அல்லது 587. நமக்கு வந்ததைக் கொடுக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாப், பாதுகாப்பான அவருடைய கவுண்டர் 995. இன்னொருவர் ஐமேப், கவுண்டர் 993.

இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பாப் கடிதத்தை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுவிடுவார். ஆபீசில் ஒரு பிரதியை விட்டு வைக்கச் சொன்னால் வைப்பார், இல்லாவிட்டால் எடுத்துவிடுவார். ஐமேப் அப்படியல்ல. 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வகுத்தது அது. கடிதம் ஆபீசிலேயே இருக்கும்; நம் மேசையில் அதன் கண்ணாடி பிம்பம் தெரியும். இங்கே படித்தால் அங்கேயும் படித்ததாகிவிடும். போன், லேப் கம்ப்யூட்டர், வீட்டு லேப்டாப் எல்லாவற்றிலும் ஒரே காட்சி. வசதிதான். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் ஆள் நகர்ந்துவிட்டால் கண்ணாடியில் என்ன இருக்கும்?

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் செய்ததும், நான் கெட்டதும்

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பள்ளியில் விலையில்லா மடிக்கணினி கொடுத்திருந்தார்கள். அவர் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார். பேட்டரி நிற்காது, வயரோடுதான் ஓடும். அதில் தண்டர்பேர்டு என்ற மென்பொருளைப் போட்டேன். இலவசம். இதன் முதல் முழுப் பதிப்பு வந்ததும் 2004 டிசம்பரில்தான், சுனாமிக்குப் பத்தொன்பது நாள் முன்னால்.

பெயர், மெயில் முகவரி, பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். முகவரியை வைத்தே சர்வர் பெயரையும் கவுண்டர் நம்பரையும் அதுவாகத் தேடி எடுத்துக்கொண்டது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் பாஸ்வேர்டு தப்பு என்றது! நாலு தடவை போட்டேன். தப்பு, தப்பு, தப்பு, தப்பு. பிரவுசரில் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது. ராத்திரி பதினொரு மணி. அம்மா விடியற்காலை ஏலத்துக்கு எழுந்திருக்க வேண்டும். "லைட்டை அணைடா" என்று குரல். கேட்க வீட்டில் யாருமில்லை. நம்மில் எத்தனை பேருக்கு இதுதான் நிலைமை! அப்பாவுக்கோ அண்ணனுக்கோ தெரிந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். நமக்கு ஒவ்வொரு வாசலையும் நாமேதான் முட்டித் திறக்க வேண்டும்.

மறுநாள் லேப் சார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாஸ்வேர்டு தப்பில்லப்பா. வெறும் பாஸ்வேர்டை வெளி மென்பொருள்கிட்ட வாங்கறதையே நிறுத்திட்டாங்க." எங்கள் கணக்கு ஓடுவது கூகுள் சர்வரில். கூகுள் 2022 மே மாதம் தனியார் கணக்குகளுக்கும், பிறகு 2025-க்குள் கல்லூரி, கம்பெனிக் கணக்குகளுக்கும் வெறும் பாஸ்வேர்டு முறையை நிறுத்திவிட்டது. இப்போது ஓஆத் என்ற முறை. மென்பொருளிடம் பாஸ்வேர்டைக் கொடுப்பதில்லை. கூகுளின் ஜன்னல் தனியாகத் திறக்கும். அதில் நாம் உள்ளே போய் "இந்த மென்பொருள் என் கடிதங்களைப் பார்க்கலாம்" என்று அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதிச் சீட்டு மட்டும் மென்பொருளுக்குப் போகும். வேண்டாமென்றால் சீட்டை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தண்டர்பேர்டின் செட்டிங்ஸில், பாஸ்வேர்டு முறை என்று இருந்ததை ஓஆத் 2 என்று மாற்றினேன். வெளி மென்பொருளுக்கு இடமில்லை என்று கல்லூரி நிர்வாகி பூட்டி வைத்திருந்தால் அதுவும் நடக்காது; அப்போது அவரிடம் எழுதிக் கேட்க வேண்டும். என் அதிர்ஷ்டம், பூட்டவில்லை. இரண்டு வருடக் கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. முதல் வருடம் முதல் வாரத்தில் வந்த வரவேற்புக் கடிதத்தைக்கூடப் பார்த்தேன். மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது.

சரி, நாம் ஜெயித்துவிட்டோம் என்று இருந்தேன். ஒரு மாதம் கழித்து, போனில் இடமில்லை என்று காட்டியது. "அதான் லேப்டாப்ல இருக்கே" என்று போனில் இருந்த பழைய மெயில்களையெல்லாம் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தால் அங்கேயும் காணோம்! ஐமேப் கண்ணாடி என்று சொன்னேனே, அதுதான். இங்கே அழித்தால் சர்வரில் அழியும். சர்வரில் அழிந்தால் எல்லாக் கண்ணாடியிலும் அழியும். என் இன்பிளாண்ட் டிரெய்னிங் அனுமதிக் கடிதம் அதில் போனது. யாரையும் குறை சொல்ல முடியாது. என் கையால் நானே செய்தது.

ஆகையால் தோழர்களே, மென்பொருளை இணைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி இது: தண்டர்பேர்டில் இடது பக்கம் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்று ஒன்று இருக்கும். அது சர்வரோடு தொடர்பில்லாதது. நம் கம்ப்யூட்டருக்கே சொந்தமானது. முக்கியமான கடிதங்களைத் தேர்ந்தெடுத்து அதற்குள் 'காப்பி' செய்யுங்கள். 'மூவ்' செய்தால் சர்வரிலிருந்து போய்விடும். காப்பி செய்தால் இரண்டு இடத்திலும் இருக்கும். செமஸ்டருக்கு ஒரு முறை அந்த ஃபோல்டர்களை ஒரு பென் டிரைவிலும் எடுத்து வையுங்கள். அதுதான் நம் டிரங்குப் பெட்டி; பென் டிரைவ் பெரியப்பாவின் மடி.

இன்னொரு எச்சரிக்கை. இதைக் கல்லூரி லேப் கம்ப்யூட்டரிலோ பிரவுசிங் சென்டரிலோ செய்துவிட்டு அப்படியே எழுந்து வந்துவிடாதீர்கள். அடுத்து உட்காருபவர் உங்கள் கடிதங்களைப் படிப்பார். லேப்பில் பழகலாம், பழகியதும் கணக்கை நீக்கிவிட வேண்டும். சொந்த மெஷின் இல்லாதவர்கள் நண்பன் மெஷினில் செய்து, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கணக்கை அழித்துவிட்டு வரலாம்.

"வாட்ஸ்அப் போதுமே?"

இதை விடுதியில் சொன்னபோது எழுந்த கேள்விகள் பல. "எல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல வருது. மெயில் எதுக்கு?" என்றான் அறைத்தோழன். நியாயமான கேள்விதான். டைம் டேபிளும் பஸ் ஸ்ட்ரைக்கும் வாட்ஸ்அப்பில் வரட்டும். ஆனால் அப்ரண்டிஸ் பதிவுக்கு மெயில் முகவரி கேட்கிறார்கள். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பித்தால் மெயில் முகவரி கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எப். ஆறு மாதம் கழித்து எத்தனை பேரிடம் திறக்கும்? போன் தண்ணீரில் விழுந்தால்? எங்கள் ஊரில் போன் தண்ணீரில் விழுவது வாராந்திர நிகழ்ச்சி!

"மெயிலைக் காப்பாத்தி வச்சு என்ன, அந்த அண்ணனுக்கு வந்த அழைப்பு இதனால கெடச்சிருக்குமா?" என்று கேட்டாள் ஒரு தோழி. நல்ல கேள்வி. கிடைத்திருக்காது. கணக்கு மூடிய பிறகு வரும் கடிதத்தை எந்த மென்பொருளாலும் பிடிக்க முடியாது. அதற்கு வேறு மருந்து. வேலைக்கும் மேல்படிப்புக்கும் விண்ணப்பிக்கும்போது, நம் சொந்தப் பெயரில் ஒரு நிரந்தர முகவரி வைத்து அதையும் எழுத வேண்டும். தண்டர்பேர்டில் இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் பரிந்துரைக் கடிதமும்? அவை நிச்சயம் தப்பித்திருக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. வேலை தருகிறோம், முன்பணம் கட்டு என்று வரும் போலி மெயில்கள் நம்மைப் போன்ற வீடுகளைத்தான் குறி வைக்கின்றன. போனில் அனுப்பியவர் பெயர் மட்டும் அழகாகத் தெரியும். கம்ப்யூட்டரில் திறந்தால் முழு முகவரியும் கண்ணில் படும். கடிதம் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற பயணக் குறிப்பையும் பார்க்கலாம். பெரிய கம்பெனியின் பெயரைப் போட்டுவிட்டு, முகவரி மட்டும் ஏதோ ஒரு இலவசக் கணக்காக இருந்தால் அங்கேயே சந்தேகம் வரும். அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகாமல் தப்பும்.

நம் மாவட்டத்துத் தபால் ஆபீஸ்

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறினால் சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், பொத்தேரி தாண்டி கூடுவாஞ்சேரி வரும். அதை ஒட்டிய வல்லாஞ்சேரியில்தான் ஜோஹோ நிறுவனத்தின் தலைமையகம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானதிலிருந்து அது நம் மாவட்டத்துக்குள் இருக்கிறது. 2008-லிருந்து அவர்கள் மெயில் சேவை நடத்துகிறார்கள். மத்திய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் அலுவலக மெயில் அந்த நிறுவனத்தின் தளத்துக்கு மாறிய செய்தி 2025-ல் வந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். பட்டம் இல்லாத, பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தரும் பள்ளியும் அவர்களிடம் இருக்கிறது.

ஒரு நிறுவனத்துக்கு விளம்பரம் செய்ய இதைச் சொல்லவில்லை. நாம் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகும் ஊரில், ஒரு நாட்டின் அரசாங்க மெயிலைச் சுமக்கும் அளவுக்கு வேலை நடக்கிறது. அந்த வேலையில் நம்மவர் நுழைய வேண்டுமா, வேண்டாமா? நேர்முகத் தேர்வில் "ஐமேப்புக்கும் பாப்புக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால் விழிக்கலாமா? நெட்வொர்க் பாடத்தில் போர்ட் நம்பரை மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்குகிறோம். சொந்தக் கணக்கை ஒரு தரம் இணைத்துப் பார்த்தால் அது ஆயுசுக்கும் மறக்காது. மெக்கானிக்கல், சிவில் தோழர்களுக்கும் சொல்கிறேன்: இது கம்ப்யூட்டர் துறைக்காரன் சமாச்சாரம் அல்ல. கடிதம் எல்லோருக்கும்தான் வருகிறது.

பேரவைக்கும் நிர்வாகத்துக்கும்

கருத்து சொன்னால் மட்டும் போதாது, வழியும் சொல்ல வேண்டும் அல்லவா? நான்கு வேண்டுகோள்கள்.

ஒன்று: முதலாமாண்டு மாணவர்களுக்குக் கணக்கு கொடுக்கும் வாரத்திலேயே, லேப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்து காட்ட வேண்டும். ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்றால் சீனியர்கள் நாங்கள் செய்கிறோம். முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு: இறுதியாண்டின் கடைசி மாதத்தில் 'கடிதம் எடுக்கும் வாரம்' என்று ஒன்று வைக்க வேண்டும். ஹால் டிக்கெட் வாங்குவது போல, நோ டியூஸ் வாங்குவது போல, மெயில் பிரதி எடுத்தாயிற்றா என்றும் ஒரு கட்டம் இருக்கட்டும்.

மூன்று: படித்து முடித்தவர்களின் கணக்கை ஒரு வருடமாவது திறந்து வைக்க வேண்டும். வேலை தேடும் வருடம் அதுதான். மூடும் தேதியை மெயிலில் மட்டுமல்ல, நோட்டீஸ் போர்டிலும் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் சொல்ல வேண்டும்.

நான்கு: வெளி மென்பொருள் இணைக்க அனுமதி உண்டா இல்லையா என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி லேப் சுவரில் ஒட்ட வேண்டும். சர்வர் பெயர், கவுண்டர் நம்பர், எந்த முறை என்று பத்து வரி போதும். அந்தப் பத்து வரி இருந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு நான் அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்க மாட்டேன்.

முடிவாக

போன வாரம் லேப்டாப்பில் மெயில்களைப் பென் டிரைவுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னாடா பண்ற?" என்றார். "எனக்கு வந்த கடுதாசியெல்லாம் எடுத்து வைக்கிறேன் ஆயா" என்றேன். "இதுக்குள்ளயா? இது தண்ணீல போனா?" என்றார். "இன்னொண்ணு காலேஜ்ல இருக்கு, இன்னொண்ணு இதோ இதுல" என்று பென் டிரைவைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரைத் தேடி எடுத்து வந்து, பென் டிரைவை அதில் போட்டு, வாயைச் சுற்றி நூலால் இறுக்கக் கட்டிக் கொடுத்தார்.

அது இப்போது என் பையில் இருக்கிறது. உங்களுடையது எங்கே இருக்கிறது, தோழர்களே? விடுமுறை முடிந்து வந்ததும் லேப்பில் சந்திப்போம்.